பாலன் குடிலில் ஒரு பேரீச்சை ஓலை

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆட்டோவை ஒளித்து வைப்போம்.

கல்முனையில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வாசலில்தான் எங்கள் தரிப்பிடம். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தொழில். மற்ற நாட்களில் கேட்டுக்கு நேரே வரிசையாக நிற்போம். வெள்ளிக்கிழமை மதியம் நெருங்கும்போது மட்டும் முஸ்லிம்களுடைய ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, பக்கத்து ஹாட்வெயார் கடையின் தகர மறைப்புக்குப் பின்னால் போய்விடும். எல்லாம் பெரிய டீச்சருக்குப் பயந்துதான்.

பெரிய டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர். மட்டக்களப்பில் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி வீட்டுப் பிள்ளை. கல்யாணம் முடிக்காதவர். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். நல்ல உயரம். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை விரித்து நான் கண்டதில்லை; ஆளைச் சுட்டிக் காட்டத்தான் அது பயன்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒளிக்கப் பிந்திவிட்டேன். குடை நேரே என் நெஞ்சுக்கு நீண்டது.

"தம்பி, பாங்கு கேட்டுதா?"

"கேட்டுது டீச்சர்."

"அப்ப ஏன் இன்னும் இஞ்ச நிக்கிறாய்?"

"ஒரு ஹயர் கிடக்கு டீச்சர். சம்மாந்துறைக்கு. போற வழியில பள்ளியில தொழுதுக்கிறன்…"

"போற வழியில பள்ளி எழும்பி வந்து உன்னத் தொழ வைக்குமா? போ, போ. ஹயர்காரர நான் பார்த்துக்கிறன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். நான் ஜும்ஆத் தொழுதுவிட்டு வரும் வரைக்கும் சவாரிக்கு என்னைப் பிடித்திருந்த அரிசி ஆலை மனிதர் அதிபரின் அறையில், பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு நடுவே, ப்ளேன்டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மனிசி எப்பவும் இப்பிடித்தானா?" என்பதுதான். அவர் இந்து. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனீர்களா என்று அவரிடமும் விசாரணை நடந்திருக்கிறது.

அன்று நான் துரத்தப்பட்டதைப் பார்த்து, என் பக்கத்து ஆட்டோக்காரன், பாண்டிருப்புத் தமிழன், சத்தமாகச் சிரித்துவிட்டான். குடை அவன் பக்கம் கிறுகியது.

"நீ என்ன பல்லக் காட்டுறாய்? தீ மிதிக்க நேர்ந்துட்டு, விரதத்தில நீ மீன் திண்ட கதை எனக்குத் தெரியாதா? உன்ட பொஞ்சாதிதான் வந்து அழுதா."

அவன் சிரிப்பு அப்படியே உள்ளே போனது. அடுத்த வெள்ளிக்கிழமை தகர மறைப்புக்குப் பின்னால் அவனுடைய ஆட்டோவும் நின்றது.

பெரிய டீச்சரின் குணம் இதுதான். அடுத்தவருடைய மார்க்கத்தை அவர்களை விடக் கறாராகப் பார்த்துக்கொள்வார். "எங்கட கோயிலுக்கு வாங்க" என்று ஒருவரையும் அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உங்கட பள்ளிக்கு ஏன் போகல்ல", "உங்கட கோயிலுக்கு ஏன் போகல்ல" என்றுதான் கேட்பார். தன்னுடைய ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வராத ஒரு மீன்காரத் தகப்பன் திங்கட்கிழமை மகனை விட வந்து மாட்டிக்கொண்டான்.

"நேத்துக் கடல்ல மீன் கூடின நாள் டீச்சர்."

"மீனப் படைச்சவரப் பார்க்க நேரமில்ல. மீனப் பார்க்க மட்டும் நேரம் இருக்கோ?"

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சிறு பிள்ளை திருநீறு பூசாமல் வந்துவிட்டாள். தாய் அவசரத்தில் மறந்திருக்கிறாள். பெரிய டீச்சரின் மேசை லாச்சியில் ஒரு சின்னச் சிமிழில் திருநீறு இருந்தது. ஆனால் தன் கையால் பூசவில்லை. "அத நான் பூசுற முறையில்ல" என்று சொல்லி, சைவ டீச்சர் ஒருவரை வகுப்பிலிருந்து கூப்பிட்டு எடுத்துப் பூசச் சொன்னார்.

கடவுளைப் பற்றிக் கதைக்கும்போது "உங்கட ஆள்", "எங்கட ஆள்" என்பார். "உங்கட ஆள் உங்களப் பார்த்துக்கிட்டிருக்கார், எங்கட ஆளோட நான் கதைச்சுக்கிறன்." அல்லாஹ்வை ஆள் என்று சொல்லக் கூடாது என்று ஒரு தகப்பன் மெல்லச் சொன்னார். அன்றோடு "உங்கட ஆள்" நின்றுபோனது. தன்னுடையவரை மட்டும் கடைசி வரைக்கும் "எங்கட ஆள்" என்றே சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு தாய்மார் முறை வைத்துச் சமைப்பார்கள். நோன்பு மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊர்த் தாய் ஒருத்தியின் முறை. பருப்புக் கொதிக்கிறது. பழக்க தோஷத்தில் அகப்பையை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்குக்குக் கொண்டு போனாள். விறாந்தையிலிருந்து ஒரு சத்தம்: "ஏய்! நோன்பு!"

அகப்பை நிலத்தில் விழுந்தது. கேட்டடியில் நின்ற நாங்களே திரும்பிப் பார்த்தோம்.

"நுனி நாக்கால பார்க்கலாம் டீச்சர். முழுங்கத்தான் கூடா."

"ஆர் சொன்ன?"

"எங்கட மாமி."

"மாமி சொன்னாக் காணாது. மார்க்கம் படிச்ச லெப்பைட்டக் கேட்டுட்டு வந்து நக்கு."

அன்று பெரிய டீச்சரே வந்து உப்புப் பார்த்தார். மறுநாள் அந்தத் தாய் வாசலிலேயே கூப்பிட்டாள். "லெப்பைட்டக் கேட்டன் டீச்சர்! நுனி நாக்கால பார்க்கலாமாம்! மாமி சொன்ன சரியாம்!" பெரிய டீச்சர் தலையை ஆட்டினார். "அப்ப சரி. மாமிக்கு என்ட சலாம் சொல்லு."

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "இவவுக்கு என்ன வந்த? எங்கட தொழுகைக்கு இவ கணக்கப்பிள்ளையா?" என்று கேட்டவர்கள் உண்டு. நானும் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். வாய் திறந்து கேட்கும் ஆள் நான் இல்லை. அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்று மட்டக்களப்புக்குப் போன பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் மௌத்தான செய்தி வந்தது. மறுநாள் தரிப்பிடத்து ஆட்டோக்கள் எல்லாம் வரிசையாக மட்டக்களப்புக்குப் போயின. வீட்டு முற்றத்தில் நாங்கள் ஒதுங்கி நின்றோம். மதியமாகிவிட்டது. பெட்டியை எடுக்கப் போகும் நேரத்தில் எப்படித் தொழப் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருடைய தம்பி, நரைத்த தலை, எங்கள் தொப்பிகளைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"நீங்க கல்முனையா? போய் ஜும்ஆத் தொழுதுட்டு வாங்க. நாங்க சுணங்குவம். இல்லாட்டி அக்கா பெட்டிக்குள்ள இருந்து எழும்பி உங்கள ஏசுவா."

தொழுதுவிட்டு வந்தோம். அது வரைக்கும் பெட்டியை எடுக்காமல் வைத்திருந்தார்கள். தோள் கொடுக்க எங்களுக்கும் இடம் விட்டார்கள். என் வாழ்க்கையில் நான் தலை நிமிர்ந்து நடந்த நாட்களில் அதுவும் ஒன்று.

அப்படி முதல் நாள் வந்தது அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், என் மகள் நாலாம் வகுப்பில் இருந்த டிசம்பரில்.

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் ஒளிவிழா நடக்கும். இயேசு பிறந்த கதையைப் பிள்ளைகள் நாடகமாகப் போடுவார்கள். அந்த வருடம் நாடகம் பழக்கியவர் புதிதாக வந்த இளம் டீச்சர். பெரிய டீச்சர் காய்ச்சலில் லீவு. என் மகளுக்கு என்னைப் போலக் கூச்சம் இல்லை. குரலும் நல்ல குரல். ஒரு நாள் ஆட்டோவில் ஏறும்போதே கத்தினாள்.

"வாப்பா, நான்தான் மரியாள்!"

வீட்டில் அவள் உம்மாவுக்கும் தலைகால் தெரியவில்லை. மருதமுனைக்குப் போய் நெசவுக்காரரிடம் நல்ல நீலத்தில் ஒரு துணி வாங்கி வந்தாள். அதை முக்காடாகப் போட்டு மகள் வீட்டுக்குள் நடந்தாள். அந்தக் கிழமை என் ஆட்டோவில் ஏறிய ஆட்களுக்கெல்லாம் நானே வாய் திறந்து சொன்னேன்: மகள் நாடகத்தில் நடிக்கிறாள்.

பெரிய டீச்சர் காய்ச்சல் மாறி வந்தார். இரண்டு நாள் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். மூன்றாம் நாள் கேட்டடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மகள் மரியாளா நடிக்கிறது உனக்குச் சம்மதமா?"

"விருப்பம்தான் டீச்சர்."

"உனக்கு விருப்பம். உங்கட மார்க்கத்துக்கு?"

"மரியம் உம்மாவ நாங்களும் மதிக்கிறதானே டீச்சர்."

"மதிக்கிறீங்க. அதுக்குத்தான் கேட்கிறன். மதிக்கிறவங்கள நீங்க வேஷம் கட்டிக் காட்டுறல்லயே. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா? வேற புள்ளயப் போடுறன். கோவிக்காத."

அவர் போய்விட்டார். என் காது இரண்டும் சுட்டது. பாண்டிருப்புக்காரன் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"மச்சான், உனக்கு இன்னும் விளங்கல்லயா? சோனகப் புள்ள மாதாவா வந்தா அவங்கட ஆக்கள் விடுவாங்களா? அத நேர சொல்லேலாம உன்ட மார்க்கத்தச் சாட்டுறா."

அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடமாக எங்கள் தொழுகையையும் நோன்பையும் பார்த்துக்கொண்ட மனிசி, கடைசியில் அதையே மறைப்பாகப் பிடித்துவிட்டாரா? அப்படியென்றால் வெள்ளிக்கிழமை எங்களைத் துரத்தியதும் பொய்தானே?

வீட்டில் மகள் நீலத் துணியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். அழவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் என்ன வாப்பா பிழை செஞ்ச?"

பதில் வேண்டும் என்றால் நான்தான் போய்க் கேட்க வேண்டும்.

மறுநாள் பிள்ளைகளெல்லாம் போய் முடிந்த பிறகு அதிபரின் அறை வாசலில் நின்றேன். வழி நெடுக மனப்பாடம் பண்ணி வந்த பேச்சு மறந்து போனது. கடைசி வசனம் மட்டும் வாயில் வந்தது.

"டீச்சர்… உங்கட ஆக்களுக்கு விருப்பமில்லாட்டி அதச் சொல்லுங்க. எங்கட மார்க்கத்தச் சொல்லி மறைக்கத் தேவல்ல."

குடை மேசையில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பரவாயில்ல. உனக்கு வாய் இருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "எங்கட ஆக்கள்ல ரெண்டு பேர் முணுமுணுத்த உண்மைதான். 'வேற புள்ள கிடைக்கல்லயா' எண்டு கேட்டாங்க. 'இந்தப் புள்ளதான் நல்லாச் செய்யுது, வாய மூடிட்டுப் போங்க' எண்டு அனுப்பிட்டன். எங்கட பக்கம் அதோட முடிஞ்சிது. வீட்ட போய்ப் படுத்தா நித்திரை வரல்ல. உங்கட பக்கம்? நீ எதுக்கும் ஓம் எண்டுருவாய். உனக்கு இல்லயெண்டு சொல்லத் தெரியா. நாளைக்கு ஊருக்குள்ள அந்தப் புள்ளய ஆரும் ஒரு கதை கதைச்சா, நான் வந்து அங்க நிக்கேலுமா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"என்னை நீ நம்பத் தேவல்ல. ஆட்டோவ எடு. புள்ளைக்கு ஓதிக் குடுக்கிற லெப்பைட்டப் போவம்."

நற்பிட்டிமுனையில் லெப்பையின் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். லெப்பையின் மனைவி கதிரை கொண்டு வந்தும் உட்காரவில்லை. "ஓதுற இடம்" என்று நின்றுகொண்டே கேட்டார்.

"லெப்பை, இந்தத் தம்பிட மகள் நாடகத்தில மரியாளா நடிக்கலாமா?"

லெப்பை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நடிக்கிறல்ல டீச்சர். நபிமாரையும் மரியம் உம்மாவையும் நாங்க வேஷத்தில காட்டுறல்ல."

தான் சொன்னது சரியாகப் போனதில் அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். முகம் வாடிப்போனது.

"நடிக்கலாம் எண்டு சொல்லுவீங்க எண்டு ஒரு ஆசை இருந்திச்சு லெப்பை. நல்ல புள்ள."

லெப்பை தாடியைத் தடவினார். "நடிக்கத்தான் கூடா. கதையாச் சொல்லலாமே. இந்தத் தம்பிட மகளுக்குத்தான் அந்தக் கதை நல்லாத் தெரியுமே. கேட்டுக் கேட்டு என்ட உசிர எடுக்கிற அவதானே."

"எந்தக் கதை?"

"மரியம் உம்மாட பேறுகாலக் கதை. ஊர விட்டுத் தூரமா ஒதுங்கிப் போயிருக்கிறாங்க. தனிய. இடுப்பு நோ வந்துட்டு. ஒரு ஈத்த மரத்தப் புடிச்சிக்கிட்டு, இதுக்கு முன்னமே மௌத்தாயிருக்கக் கூடாதா எண்டு அழுவுறாங்க. அப்ப கவலப்படாதீங்க எண்டு ஒரு சத்தம் வருது. மரத்த உலுக்குங்க, பழம் விழும், சாப்பிடுங்க எண்டு."

பெரிய டீச்சர் இதை முதல்முறை கேட்கிறார் என்று தெரிந்தது.

"எங்கட கதையில அவவுக்கு ஒரு மாட்டுக் கொட்டில் இருந்திச்சு. சூசையப்பர் பக்கத்தில இருந்தார். இதில ஒருத்தருமே இல்லயா?"

"மரம் மட்டும்தான்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லெப்பையிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைத் திருப்பினேன். பள்ளிக்கூடம் நெருங்கும்போதுதான் குடை என் முதுகில் தட்டியது.

"தம்பி, ஈத்த மரம் எங்க கிடக்கு?"

"காத்தான்குடியில டீச்சர்."

"ஒரு ஓலை கொண்டு வா. மேடையில பாலன் குடிலுக்குப் பக்கத்தில நட்டு வைப்பம். உன்ட மகள் அதுக்குக் கீழ நிண்டு சொல்லட்டும்."

காத்தான்குடியில் ஒரு பள்ளிவாசல் வளவில் பேரீச்ச மரத்தைத் துப்புரவாக்கிய நேரம் பார்த்து ஒரு நல்ல ஓலையைக் கேட்டு வாங்கி, ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் கல்யாண வீடா என்று கேட்டார்கள். வீட்டில் இறக்கி வைத்தபோது வெறும் ஓலை மொட்டையாகத் தெரிந்தது. கடையில் ஈத்தம்பழம் வாங்கி வந்து, மகளும் உம்மாவும் நானுமாக நூலில் கோத்துக் கட்டினோம். மகள் கட்டிய முடிச்சுகள் கொஞ்சம் தளர்வு. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஓலை அந்த வருடத்தோடு நிற்கவில்லை. இன்றைக்கும் டிசம்பர் பிறந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். "காக்கா, குடிலுக்கு ஓலை வேணும்." காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; பேசுவது புது அதிபர். பாலன் குடிலில் பேரீச்சை ஓலை எதற்கு என்று அவருக்குத் தெரியாது; பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன். இப்போது முடிச்சை நானே இறுக்கிக் கட்டுகிறேன்.

அந்த வருடம் ஒளிவிழா அன்று மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் ஃபாதர். கதவோரம் லெப்பை; அவரைப் பெரிய டீச்சரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். மரியாளாக வந்தவள் தேவாலய மணி அடிப்பவரின் மகள். அவள் தலையில் என் மகளுடைய நீலத் துணி. அலுமாரியிலிருந்து எடுத்து மகளே கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். என் மகள் பள்ளிக்கூட உடுப்பில், வெள்ளை முக்காட்டோடு, ஓலைக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட வீட்டில இவங்கள மரியம் உம்மா எண்டு சொல்லுவம்" என்று தொடங்கினாள்.

நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் குரல் நடுங்கவில்லை. தனியே போன கதையைச் சொன்னாள். நோ வந்த கதையைச் சொன்னாள். மண்டபத்தில் இருந்த தாய்மார் எல்லாரும், எந்தச் சமயத்துத் தாயாக இருந்தாலும், பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அப்ப ஒரு சத்தம் வந்திச்சு. கவலப்படாதீங்க. மரத்த உலுக்குங்க…"

சும்மா உட்கார்ந்திருக்க மட்டுமே சொல்லிக் கொடுக்கப்பட்ட மரியாள் எழும்பினாள். குழந்தைப் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஓலையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

தளர்ந்த முடிச்சுகள் எல்லாம் கழன்றன. ஈத்தம்பழம் மழையாகக் கொட்டியது. இடையர்கள் பாய்ந்தார்கள். வானதூதர்கள் சிறகோடு குனிந்தார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவன் கிரீடத்தைக் கழற்றி அதற்குள் பொறுக்கினான். மண்டபம் கைதட்டிச் சிரித்தது. காலடியில் உருண்டு வந்த பழத்தை ஃபாதர் எடுத்து, வெள்ளை அங்கியில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டார். கதவோரத்தில் லெப்பை தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பாண்டிருப்புக்காரன் என் தோளில் அடித்தான். "மச்சான், நான் சொன்னது பிழைடா!"

பெரிய டீச்சர் எழும்பினார். குடை உயர்ந்தது.

"டேய்! சும்மா வாயில போடாத! நீ, பிஸ்மி சொன்னியா? நீ, சிலுவை போட்டியா?"

மேடையில் எல்லாரும் வாய்க்குக் கொண்டு போன கையோடு நின்றார்கள். பாதிப் பேர் நெற்றிக்கும் நெஞ்சுக்குமாகக் கையைக் கொண்டு போனார்கள். பாதிப் பேரின் உதடுகள் அசைந்தன. ஒரு சின்ன இடையன் திகைத்துப்போய், "டீச்சர், நான் என்ன சொல்லுற?" என்று கேட்டான்.

"நீ உங்கட பிள்ளையார நினைச்சிட்டுத் தின்னு!"

என் மகள் கீழே குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள். மண்ணை ஊதினாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"பிஸ்மில்லாஹ்" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்க. பிறகு வாயில் போட்டாள்.